சிங்கப்பெருமாள் கோவிலின் நகர வளர்ச்சி

சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு மாவட்டத்தில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஓர் ஊர் ஆகும். இது சென்னை நகரின் மையப் பகுதியிலிருந்து தெற்கே சுமார் 50 கி.மீ., தாம்பரத்திலிருந்து சுமார் 20 கி.மீ., செங்கல்பட்டிலிருந்து வடக்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளது. பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலால் அறியப்பட்ட இவ்வூர், 1990களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைப் பணியாளர்கள் குடியிருக்கும் புறநகராக மாறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதனை நகரம் என்று வகைப்படுத்துகிறது. உள்ளாட்சி நிர்வாகத்தில் இது காட்டாங்குளத்தூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சியாக இருந்து வந்துள்ளது. ஊரின் சாலை, கழிவுநீர், குப்பை, வரி, வேலைவாய்ப்பு தொடர்பான பல சிக்கல்கள் இந்த இரட்டை நிலையிலிருந்து பிறப்பவை.

பெயரும் பழைய ஊரும்

நரசிம்மரைச் சிங்கப்பெருமாள் என்று அழைப்பது தமிழ் வைணவ வழக்கு. கோயிலின் பெயரே ஊரின் பெயராயிற்று. மூலவர் சன்னதி ஒரு சிறு குன்றின் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. பல்லவர் காலத்தது எனக் கருதப்படுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளும் இங்கு உள்ளன. 'பாடலம்' என்பது செந்நிறத்தையும் 'அத்ரி' என்பது மலையையும் குறிக்கும். எனவே பாடலாத்ரி என்பதைச் செங்குன்றம் எனத் தமிழில் கூறலாம்.

மூலவர் குன்றோடு ஒன்றியிருப்பதால் அவரை வலம் வர விரும்புவோர் குன்றையே சுற்றி வருகின்றனர். பௌர்ணமி நாட்களில் கிரிவலம் நடைபெறுகிறது. நரசிம்மருக்கு இங்கு நெற்றிக்கண் உண்டு; தீபாராதனையின்போது அர்ச்சகர் திருநாமத்தை விலக்கி அதைக் காட்டுவது வழக்கம். சிவன் கோயில்களில் கொண்டாடப்படும் பிரதோஷம் இப்பெருமாள் கோயிலிலும் சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது.

சுற்றுப்புறத்திலும் பழமையான தலங்கள் பல உள்ளன. சுந்தரர் பாடிய திருக்கச்சூர், யோக ஹயக்ரீவர் சன்னதி கொண்ட செட்டிப்புண்ணியம், மலைமேல் பெருமாள் கோயில் அமைந்த ஆப்பூர், வீரபத்திரர் கோயில் உள்ள அனுமந்தபுரம் ஆகியவை அருகில் இருக்கின்றன. பொதுத்தேர்வுக் காலத்தில் மாணவர்கள் பேனாவும் நுழைவுச்சீட்டும் கொண்டு செட்டிப்புண்ணியம் செல்வதால், அந்த வாரங்களில் சிங்கப்பெருமாள் கோவில் நிறுத்தத்திலும் கூட்டம் கூடுகிறது.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு இப்பகுதியின் பொருளாதாரம் ஏரிப்பாசன நெல் விவசாயத்தையும், கோயிலுக்கு வருவோரையும், நெடுஞ்சாலைக் கடைகளையும் சார்ந்திருந்தது.

மூன்று வழிகள் சந்திக்கும் இடம்

ஊரின் வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம் அதன் அமைவிடம். இங்கு மூன்று போக்குவரத்து வழிகள் சேர்கின்றன.

முதலாவது, ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் பெருந்தெற்குச் சாலை. சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளில் பெரும்பாலானவை இவ்வழியே செல்கின்றன. கூடுவாஞ்சேரிக்கும் செட்டிப்புண்ணியத்துக்கும் இடையே இச்சாலை எட்டு வழியாக அகலப்படுத்தப்பட்டது.

இரண்டாவது, சென்னை கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு புறநகர் இரயில் தடம். சிங்கப்பெருமாள் கோவில் நிலையம் மறைமலைநகருக்கும் பரனூருக்கும் இடையில் உள்ளது. கடற்கரை–தாம்பரம் தடம் 1931ஆம் ஆண்டிலேயே மின்மயமானது. இன்றும் மின்தொடர் வண்டிகள் அப்பகுதியில் அடிக்கடி ஓடுகின்றன. தாம்பரத்துக்குத் தெற்கே அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை வைத்தே இங்குள்ளோர் வீடு பார்ப்பதும் வேலை பார்ப்பதும் முடிவாகின்றன.

மூன்றாவது, ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் மாநிலச் சாலை. இது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் சென்னை நகருக்குள் நுழையாமல் இணைக்கிறது. ஒரகடம் தொழிற்பகுதி உருவான பிறகு, கார்களையும் உதிரிபாகங்களையும் ஏற்றிய டிரெய்லர் லாரிகளின் முக்கிய வழியாக இச்சாலை ஆனது.

தொழிற்சாலைகளின் வருகை

சென்னையின் நெரிசலைக் குறைக்கும் நோக்கில், பெருநகர வளர்ச்சி அமைப்பு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே ஒரு துணைநகரைத் திட்டமிட்டது. மறைமலை அடிகளின் பெயரால் அது மறைமலைநகர் எனப்பட்டது. தொடக்கத்தில் அங்கு மனைகள் இருந்த அளவுக்குக் குடியேற்றம் இல்லை. 1990களின் பிற்பகுதியில் ஃபோர்டு நிறுவனம் அங்கு கார் தொழிற்சாலை அமைத்தது. 1999ஆம் ஆண்டில் அதன் இக்கான் கார் வெளிவந்தது. உதிரிபாக நிறுவனங்களும் தொடர்ந்து வந்தன.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் தெற்கே, பரனூர் அருகே, மகிந்திரா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் இணைந்து உருவாக்கிய மகிந்திரா வேர்ல்டு சிட்டி 2002இல் தொடங்கப்பட்டது. இன்போசிஸ் உள்ளிட்ட மென்பொருள் நிறுவனங்கள் அங்கு வளாகங்கள் அமைத்தன. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் கார் தொழிற்சாலை 2007இல் அங்கு இயங்கத் தொடங்கியது.

மேற்கே ஒரகடத்தில், ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இலும், டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி தொழிற்சாலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 2013இலும் செயல்படத் தொடங்கின.

வடக்கே, தெற்கே, மேற்கே என மூன்று பக்கமும் வேலை உருவானபோது நடுவில் இருந்த சிங்கப்பெருமாள் கோவில், வேலைக்குச் செல்வோர் தங்கும் ஊராயிற்று. காலை ஷிப்டுக்கு முன்பும் இரவு ஷிப்டுக்குப் பின்பும் ஜி.எஸ்.டி. சாலைச் சந்திப்பில் நிறுவனப் பேருந்துகள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

குடியிருப்பவர்கள்

இன்று இவ்வூரில் வசிப்போரை நான்கு பிரிவினராகக் காணலாம்.

கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களிலும் அருகிலுள்ள சிற்றூர்களிலும் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் முதல் பிரிவு. இவர்களில் நிலம் வைத்திருந்தவர்கள் மனையாக விற்றனர் அல்லது வாடகை வீடுகள் கட்டினர். நிலமற்றோர் கட்டட வேலை, ஒப்பந்தத் துப்புரவு, காவல் பணி ஆகியவற்றுக்குச் சென்றனர். நிலத்தின் விலை ஏறியதால் இவ்விரு தரப்பினருக்கும் கிடைத்த பயன் ஒன்றாக இல்லை.

இரண்டாவது, தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்த ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இளைஞர்கள். பயிற்சியாளராகவோ ஒப்பந்தத் தொழிலாளராகவோ சேரும் இவர்கள், ஓர் அறையில் நான்கைந்து பேராக வாடகையைப் பகிர்ந்து தங்குகின்றனர். ஒருவர் இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் நேரத்தில் மற்றொருவர் காலை ஷிப்டுக்குப் புறப்படுவதால், அறையில் யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். கட்டுமானத்திலும் உதிரிபாகத் தொழிற்கூடங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்கின்றனர். மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய் கிடைப்பதும், செல்போன் கடைகளில் இந்திப் பலகை தொங்குவதும் இவர்களின் வரவால் ஏற்பட்ட மாற்றங்கள்.

நான்காவது, சென்னை நகருக்குள் வீடு வாங்க இயலாமல் இங்கு மனையோ அடுக்குமாடி வீடோ வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள். இவர்களில் பலர் தாம்பரம், கிண்டி வரை தினமும் இரயிலில் சென்று திரும்புகின்றனர்.

மனைப்பிரிவுகள்

நெல் வயல் மனைப்பிரிவாக மாறுவதே இவ்வூரின் நிலத்தோற்றத்தில் நிகழ்ந்த பெரிய மாற்றம். சென்னைப் பெருநகரப் பகுதியின் பழைய எல்லை வண்டலூர் வட்டாரத்தோடு முடிந்தது. அதற்கு அப்பால் இருந்த இவ்வூரின் மனைப்பிரிவுகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டியிருந்தது. எனினும் தமிழகமெங்கும் நிகழ்ந்ததுபோல, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் பல மனைகள் விற்கப்பட்டன. வீடு கட்ட அனுமதி அளிக்க ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் தொழில்நுட்ப அதிகாரம் அதற்குக் கிடையாது. இந்த வேறுபாடு பெரும்பாலான வாங்குவோருக்குத் தெரிந்திருக்கவில்லை.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. அதன்பின் 2017 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள அவ்விதிகள் வழி செய்தன.

அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, சாலைகளோடு சேர்த்துத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் இந்த ஒப்படைப்பு நடப்பதில்லை. அதனால் பூங்காவுக்கு இடம் இருக்காது. சாலை யாருடையது என்ற கேள்வியும் எழும். ஊராட்சிக்கு உரிமையாக்கப்படாத சாலையில் ஊராட்சி நிதியைச் செலவிடுவது கடினம். பணம் கொடுத்து வாங்கிய மனைக்கு எதிரே சாலையும் வடிகாலும் ஏன் வரவில்லை என்று கேட்போருக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

கணக்கில் நகரம், நிர்வாகத்தில் ஊராட்சி

இந்தியாவில் ஓர் ஊர் இரு வழிகளில் நகரம் எனப்படுகிறது. மாநில அரசு பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியாக அறிவிப்பது ஒன்று. அது சட்டப்படியான நகரம். மற்றொன்று கணக்கெடுப்பு நகரம். மக்கள்தொகை குறைந்தது 5,000, ஒரு சதுர கி.மீ.க்கு குறைந்தது 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால், கிராம ஊராட்சியாக இருந்தாலும் கணக்கெடுப்பு அதனை நகரம் எனப் பதிவு செய்யும். சிங்கப்பெருமாள் கோவில் இவ்வகையைச் சேர்ந்தது.

இவ்வகை ஊர்களின் எண்ணிக்கை விரைவாகப் பெருகியுள்ளது. 2001இல் இந்தியாவில் 1,362 கணக்கெடுப்பு நகரங்கள் இருந்தன. 2011இல் அவை 3,894 ஆயின. தமிழ்நாட்டில் இதே காலத்தில் 111இலிருந்து 376 ஆக உயர்ந்தன. கேரளத்தில் 99இலிருந்து 461 ஆயின.

வகைப்பாடு மாறுவதால் மட்டும் நிதியோ ஊழியர்களோ வருவதில்லை. கிராம ஊராட்சி 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சிச் செயலர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், சில தூய்மைப் பணியாளர்கள் என்பதே அதன் வழக்கமான அமைப்பு. நகராட்சியில் இருப்பதுபோலப் பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், சுகாதார அலுவலர் ஆகியோர் தனியாக இல்லை.

வரி வருவாயிலும் ஒரு பொருத்தமின்மை உண்டு. தொழிற்சாலைக் கட்டடத்தின் சொத்துவரி, அது எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் நிற்கிறதோ அந்த உள்ளாட்சிக்கே சேரும். தொழில்வரியும் பணியிடம் அமைந்த உள்ளாட்சிக்குச் செல்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் ஊருக்கு வீட்டுவரியும் அரசு மானியமுமே கிடைக்கின்றன. அவர்களுக்கான குடிநீர், குப்பை, தெருவிளக்குச் செலவு முழுவதும் அந்த ஊரைச் சேர்கிறது.

இருப்பினும் நகராட்சியாவதை எல்லோரும் விரும்புவதில்லை. இதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, மக்கள் 'நூறு நாள் வேலை' என்றழைத்த ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. நகராட்சியில் வீட்டுவரியும் கட்டட அனுமதிக் கட்டணமும் கூடும். கிராம சபையும் இல்லாமற்போகும். 2025இன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்க முனைந்தபோது, பல மாவட்டங்களில் மக்கள் இக்காரணங்களைக் கூறி எதிர்ப்புத் தெரிவித்தனர்.

எனவே ஒரே தெருவில் இரு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. புதிய மனைப்பிரிவில் வீடு கட்டியவர் பாதாளச் சாக்கடைக்காக நகராட்சியை விரும்புகிறார். நூறு நாள் வேலையை நம்பியிருக்கும் பெண்ணுக்கு அதே மாற்றம் வருமான இழப்பு.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே இதன் உறுப்பினர்கள். வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த ஊரில்தான் வாக்கு. ஊரின் குடிநீரைப் பயன்படுத்தி, கடைகளை வாழவைத்து, வாடகை செலுத்தும் ஒரு பெரும் பகுதியினர் அதன் முடிவுகளில் பங்கேற்க இயலாத நிலை இதனால் உண்டாகிறது.

நீரும் வடிகாலும்

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். இங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் சங்கிலித் தொடராக அமைந்தவை. மழைநீர் வரத்துக்கால் வழியே ஏரிக்கு வந்து, மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து, மிகுதியானது கலங்கல் வழிந்து போக்குக்கால் மூலம் அடுத்த ஏரியை அடையும். வயல்கள் மனையானதும் மதகுக்கு வேலையில்லாமல் போனது. வரத்துக்கால்களும் போக்குக்கால்களும் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன அல்லது அவற்றின்மேல் சாலை அமைந்தது. ஆனால் மழைநீர் பழைய சரிவிலேயே ஓடுகிறது. கோடையில் தாழ்வான நிலத்தைப் பார்த்து வாங்கியவர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் அது நீர்வழி என்பதை அறிகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் பட்ட பாடு இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு.

சாலை போடும் முறையும் சிக்கலைக் கூட்டுகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தளம் போடுவதால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. வீட்டு வாசல் தாழ்கிறது. அடுத்து வீடு கட்டுபவர் சாலையைவிட மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார். மழைநீர் பழைய வீட்டுக்குள் செல்கிறது.

பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளில் கழிவுநீருக்குச் செப்டிக் டேங்க்கே வழி. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் செப்டிக் டேங்க்கும் போர்வெல்லும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக அமைகின்றன. பக்கத்து மனையின் செப்டிக் டேங்க் இன்னும் அருகில் இருக்கலாம். இதனால் நிலத்தடி நீர் மாசடையும் வாய்ப்பு அதிகம். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்குவது இப்போது பொதுவான வழக்கமாகிவிட்டது.

இரயில்வே கேட்

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் திரும்பும் இடத்துக்கு அருகிலேயே சாலை இரயில் பாதையைக் கடக்கிறது. புறநகர் வண்டிகளோடு தென் மாவட்ட விரைவு வண்டிகளும் இத்தடத்தில் செல்வதால் கேட் அடிக்கடி மூடப்பட்டது. மூடும்போதெல்லாம் லாரிகளின் வரிசை ஜி.எஸ்.டி. சாலை வரை நீண்டது. நிறுவனப் பேருந்து, பள்ளி வாகனம், ஆம்புலன்ஸ், கோயிலுக்கு வரும் கார் ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் நின்றன.

இதற்குத் தீர்வாகத் திட்டமிடப்பட்ட மேம்பாலப் பணி பல ஆண்டுகள் இழுத்தது. இத்தகைய பாலங்களில் தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை இரயில்வேயும், இருபுற அணுகுசாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறையும் கட்டுவது வழக்கம். நிலமெடுப்பு, இழப்பீட்டு வழக்கு, மின்கம்பங்களை மாற்றுதல் ஆகியவற்றில் ஒன்று தாமதமானாலும் முழுப் பாலமும் நிற்கும். பாலத்தின்கீழ் வரும் கடைக்காரர்களுக்கு வேறொரு கவலை உண்டு: கேட்டில் வண்டிகள் நிற்பதால்தான் பல கடைகளுக்கு வியாபாரம்.

ஒரே தொழிலை நம்புவதன் இடர்

2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தியா முழுவதும் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவர் என அப்போது கூறப்பட்டது. மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி 2022இல் முடிவுக்கு வந்தது. இந்த எண்ணிக்கையில் உதிரிபாக நிறுவனத் தொழிலாளர், கேன்டீன் பணியாளர், வேன் ஓட்டுநர், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் சேரவில்லை. வங்கிக் கடனில் மாடி எழுப்பியவருக்குத் தவணை தொடர்ந்தது. குடியிருந்தவர் காலி செய்தார்.

சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பெருமையாகக் கூறுவதுண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் கார் தொழிலால் வளர்ந்து, 1950இல் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தது. தொழிற்சாலைகள் குறைந்தபின் 2010இல் மக்கள்தொகை சுமார் 7 இலட்சமாகச் சரிந்தது; 2013இல் நகராட்சி திவால் மனு தாக்கல் செய்தது. சிங்கப்பெருமாள் கோவில் அந்நிலைக்குச் செல்லவில்லை. மகிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடம், பொத்தேரியில் உள்ள கல்லூரிகள், இரயில் தடம் எனப் பிடிமானங்கள் வேறு பல இருந்தன. 2025 அக்டோபரில் ஃபோர்டு நிறுவனம் இதே ஆலையில் ரூ. 3,250 கோடி முதலீட்டில் என்ஜின் தயாரிக்கத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது; உற்பத்தி 2029இல் தொடங்கும் என அறிவிக்கப்பட்டுள்ளது.

எல்லைகள் மாறுகின்றன

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதால் ஆட்சியர் அலுவலகம் காஞ்சிபுரத்திலிருந்து பக்கத்திலேயே வந்தது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிக்கப்பட்டு, செங்கல்பட்டுக்குத் தனியாகப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பணியும் தொடங்கியது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும், தென் மாவட்டப் பேருந்துகளின் புறப்பாடு கோயம்பேட்டிலிருந்து இவ்வூருக்கு நெருக்கமாக நகர்ந்தது.

பெருநகரத் திட்ட எல்லைக்குள் வருவதும் நகராட்சியாவதும் வேறு வேறு. முன்னது நிலம் எதற்குப் பயன்படலாம் என்பதை வரையறுக்கிறது. தெருவிளக்கு, குப்பை, குடிநீர், வடிகால் ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பாகவே தொடர்கின்றன. நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. 2011க்குப் பின் இவ்வூரில் குடியேறியவர்கள் இங்கு முதன்முறையாகக் கணக்கில் சேர்வது அப்போதுதான்.